என் மேஜையும் கொலுப்படியும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தி.நகரில் இருக்கும் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு படையெடுப்பே நடக்கும். வருஷம் முழுக்க ஒட்டடையைக் கண்டுகொள்ளாத நாங்கள் அன்றைக்கு மட்டும் துடைப்பமும் வாளியுமாகக் கிளம்பிவிடுவோம். இந்தத் தடவை நான் பேங்குக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் என் மேஜை பளபளவென்று இருந்தது. அதில் குவிந்து கிடந்த 40 ஃபைல்களும் பெரியது அடியில், சின்னது உச்சியில் என்று கொலுப்படி மாதிரி அடுக்கப்பட்டு, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்தாயிற்று.

"இப்பதான் தம்பி இது மேஜை மாதிரி இருக்கு" என்றார் ஆபீஸ் உதவியாளர் அண்ணன்.

"அழகாத்தான் இருக்குண்ணே" என்றேன், வேறு என்ன சொல்ல. விஜயதசமி முடிந்து வந்து ஒரு நோட்டீஸுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால், எப்போதும் கை வைத்ததும் வரும் ஃபைல் 45 நிமிடம் கழித்துக் கிடைத்தது.

குப்பை மேஜை என்றதும் விஷயம் தெரிந்தவர்கள் உடனே என்ட்ரோப்பியை, அதாவது ஒழுங்கின்மையின் அளவை, இழுப்பார்கள். 10 பொருட்களை வரிசையாக வைக்க 36,28,800 வழிகள் உண்டு, அதில் அகர வரிசை ஒன்றே ஒன்றுதான், அதனால் எதைத் தொட்டாலும் ஒழுங்கு குலையத்தான் செய்யும் என்பார்கள். கணக்கு சரி. ஆனால் காற்றில் இருக்கும் மூலக்கூறுகள் தாமாக முட்டி மோதி இடம் மாறுகின்றன, ஃபைல்கள் அப்படி நடந்து போவதில்லை (மின்விசிறியை 5-ல் வைத்தால் வேறு கதை). ஒரு ஃபைல் இடம் மாறுகிறது என்றால் அதை நான் எடுத்தேன், எனக்குத் தேவைப்பட்டது என்று அர்த்தம். எடுத்ததைத் திரும்ப எங்கே வைப்பேன்? சோம்பேறித்தனமாகக் குவியலின் தலையில்தான். ஆக, பார்ப்பவர்களுக்குத்தான் அது குப்பை, உண்மையில் அது எதைக் கடைசியாகத் தொட்டேனோ அது மேலே வரும்படி தானாகவே அமைந்த வரிசை. வாட்ஸ்அப்பில் கடைசியாகப் பேசியவர் பட்டியலின் உச்சிக்கு வருகிறாரே, அதே வேலை.

இந்தச் சோம்பேறித்தனத்தைக் கணினி அறிவியலில் 'முன்னுக்கு நகர்த்தல்' என்ற பொருளில் மரியாதையாகவே அழைக்கிறார்கள். 1985-ல் டேனியல் ஸ்லீட்டர், ராபர்ட் டார்ஜன் என்ற இருவர் இதைப் பற்றி ஒன்றை நிரூபித்தார்கள். நாளைக்கு எந்த ஃபைல், நாளை மறுநாள் எந்த ஃபைல் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு ஜோசியக்காரர் இருக்கிறார், அவர் தன் குவியலை அதற்கேற்ப எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம், ஆனால் எடுத்த ஃபைலை மேலே நகர்த்துவது தவிர, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஃபைல்களை இடம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு புரட்டலுக்கான செலவு என்று வையுங்கள். இருவரும் மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடும் வரை, எதிர்காலம் எதுவும் தெரியாத என் குவியலின் செலவு, நீண்ட காலப்போக்கில், அவருடைய செலவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது. கிளியும் வேண்டாம் சீட்டும் வேண்டாம், எடுத்ததை மேலே போட்டால் போதும்.

அந்த இரண்டு மடங்கு எப்போது வருகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஏனென்றால் அது எங்கள் ஆபீஸிலேயே வரும். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 20ஆம் தேதி கெடு. அப்படி 40 பேரின் ஃபைல்களைக் குவித்துவைத்து, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை ஒவ்வொரு மாதமும் ஒரே வரிசையில் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். போன மாதம் முதலில் பார்த்தவருடைய ஃபைலின் மேல் மற்ற 39-ம் ஏறிவிட்டன, ஆக இந்த மாதம் முதலில் வேண்டியது அடிமட்டத்தில் கிடக்கிறது. அதை எடுத்து மேலே போட்டால் அடுத்து வேண்டியது அடிக்கு வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் 40-வது ஃபைல் வரை புரட்ட வேண்டும், மொத்தம் 1,600 புரட்டல். யாரும் இடம் மாற்றாத குவியலாக இருந்தால் 1, 2, 3 என்று 40 வரை கூட்டினால் 820 தான். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அடியிலிருந்து உருவினால் தீர்ந்ததே என்பீர்கள். சரிதான், ஆனால் அந்த வரிசை முன்கூட்டியே தெரிந்ததால்தானே அது முடிகிறது. அதனால் எங்கள் ஜிஎஸ்டி ஃபைல்கள் மட்டும் அலமாரியில் பெயர் வரிசையில் நிற்கின்றன, நான் கேஸ் வாரியாகப் பார்ப்பவை மேஜையில் குவிகின்றன. இன்னொருவர் வந்து தேட வேண்டியதையும் குவியலில் வைக்கக் கூடாது, அந்த வரிசை என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

குவியலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆபீஸ் மேஜைகளை ஆராய்ந்த தாமஸ் மலோன் 1983-லேயே இதை எழுதிவிட்டார்: கண்ணில் படும்படி கிடக்கும் காகிதம் 'என்னை முடி' என்று ஞாபகப்படுத்துகிறது. டிராயருக்குள் போனதும் வாயை மூடிக்கொள்கிறது.

சரி, அப்படியானால் மேஜையைச் சுத்தமே செய்யக் கூடாதா? செய்யலாம், அடியிலிருந்து. கம்ப்யூட்டரின் நினைவகம் நிரம்பும்போது எதை வெளியேற்றுவது என்ற கேள்விக்கு 1966-ல் லாஸ்லோ பெலடி சொன்ன பதில், இனி ரொம்ப நாளைக்குத் தேவைப்படாததை வெளியேற்று என்பது. அது யாருக்குத் தெரியும்? அதனால் நடைமுறையில், ரொம்ப நாளாக யாரும் தொடாதது எதுவோ அதைத் தூக்குகிறார்கள். குவியலில் அதைத் தேடவே வேண்டியதில்லை, அடியில் இருக்கும்.

என் மேஜையில்தான் இப்போது அடி எது, நுனி எது என்று தெரியாமல் போய்விட்டதே. அண்ணனிடம் புலம்பினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பச்சை அட்டை போட்ட ஒரு பருத்த ஃபைலை உருவிக் காட்டினார். அதன் பின்னட்டையில் எறும்புகூடச் சீண்டாத நாலைந்து பொரி நசுங்கி ஒட்டியிருந்தன.

"போன வருஷப் பொரி தம்பி. இதுதான் அடியில கிடந்துச்சு."

அந்த ஒன்றை மட்டும் யோசிக்காமல் பரணில் ஏற்றினோம்.