நிரல்கடன்

பாம்பன் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊரில், வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறேன். மீட்டிங் தவறாமல் காதில் விழும் வாக்கியம்: "இப்போதைக்கு இப்படியே விடுங்க, அடுத்த ரிலீசில் பார்த்துக்கலாம்." அந்த 'இப்போதைக்கு' சேர்ந்து சேர்ந்து பெருகுவதைத்தான் 'டெக்னிக்கல் டெட்' (technical debt), அதாவது ஒருவகைக் கடன், என்கிறார்கள்.

இந்தக் கடன் உவமையைத் தந்தவர் அமெரிக்க நிரலர் வார்டு கன்னிங்காம். பிற்பாடு, யாரும் திருத்தக்கூடிய இணையதளமான விக்கியை முதன்முதலில் உருவாக்கியவரும் அவரே. 1992இல், தாம் வேலை பார்த்த நிதி மென்பொருளைப் பற்றிய அறிக்கையில் எழுதினார்: முதன்முதலாக எழுதிய நிரலை அப்படியே அனுப்புவது கடன் வாங்குவது மாதிரி. சீக்கிரம் திருத்தி எழுதினால் கடன் அடைந்தது. இல்லாவிட்டால், அந்த நிரலோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு நிமிடமும் வட்டி. நிதித்துறை என்பதால் தம் மேலதிகாரிக்குப் புரியும்படி கடனை எடுத்துக்கொண்டாராம். மோசமாக எழுதச் சொன்னதில்லை என்று 2009இல் விளக்கமும் கொடுத்தார். மேலதிகாரிக்குப் புரியவைக்கப் பிறந்த சொல், இன்று மேலதிகாரி வாயிலேயே அனுமதிச் சீட்டாகிவிட்டது! வாங்குவது அவர், வட்டி கட்டுவது நாங்கள்.

சரி, தமிழில்? 'தொழில்நுட்பக் கடன்' என்று எழுதுகிறார்கள். கல்விக் கடன், வீட்டுக் கடன் வரிசையில் வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் வாங்க வங்கி தரும் பணம் போல இல்லையா? எங்கள் ஊரில் படகுக் கடன் என்றால் படகு வாங்கப் பட்ட கடன்தான். 'நிலுவை' நல்ல சொல், ஆனால் அதில் வட்டி இல்லை. வட்டி இல்லையென்றால் இந்த உவமையே இல்லை.

கடனை விட மனசு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கடமையும்கூட. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் சொன்னது இந்தக் கடனை. அதே சொல்தான் 'கடனேன்னு செய்யறான்' என்பதில் சலிப்பாகவும் வருகிறது. ஒழுங்காக எழுத நினைத்தவன் நாலு ரிலீசில் கடமை என்ற பொருளிலிருந்து சலிப்பு என்ற பொருளுக்கு வந்துவிடுகிறான். நானும் வந்திருக்கிறேன்.

விசைப்படகுகளுக்காவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் பெருகத்தான் தடை என்றாலும், பாம்பன் கரையில் படகை ஏற்றிப் பலகை மாற்றுவதும் எஞ்சினைப் பிரிப்பதும் அப்போதுதான். "உங்க வேலைக்குத் தடைக்காலம் இல்லையாப்பா?" என்று சித்தப்பா கேட்டார். சிரித்து வைத்தேன்.

'நிரல்கடன்' என்றே எழுதுகிறேன். இலக்கணப்படி 'நிரற்கடன்' என்று வரவேண்டும். மீட்டிங்கில் அப்படிச் சொன்னால் மேனேஜர் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்.