அலை கலந்ததை எப்படிப் பிரிப்பது?

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பொருள்களைப் பிரித்து வைப்பதைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வாளியில் ஊற்றிய பால் தனி, கோப்பையில் உறைந்த கட்டிப்பால் தனி, வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பால் தனி. அதில் மண்ணும் மரப்பட்டையும் சேர்ந்துவிட்டால் விலை இறங்கிவிடும். எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிப் பக்கம். சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று தாமான்கள் என்னும் குடியிருப்புப் பகுதிகளாகிவிட்டன. இங்கிருந்து காரில் அரை மணி நேரம் போனால் கோத்தா கோலா மூடா. அங்குள்ள சுனாமி நினைவிடத்தில் நொறுங்கிய மீன்பிடிப் படகுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது தோட்டத்துக் கேள்விதான்: அலை அடித்துக் கலந்துபோட்ட மற்றதையெல்லாம் யார், எப்படிப் பிரித்தார்கள்?

2004 டிசம்பர் 26, ஞாயிறு. மலேசிய நேரப்படி காலை 8.58 மணிக்கு, இந்தோனேசியாவின் சுமத்திரா தீவு அருகே 9.1 அளவு நிலநடுக்கத்தில் கடலடி நிலம் குலுங்கியது. அலை நம் கரையைத் தொட்டபோது மதியம் ஆகிவிட்டது. சுமத்திரா தீவே குறுக்கே நின்று பெரும்பகுதி வேகத்தைத் தாங்கிக்கொண்டது. அப்படியும் மலேசியாவில் 68 பேர் இறந்தனர்.

நிலநடுக்கம் மட்டும் வந்தால் வீடு நின்ற இடத்திலேயே விழும். செங்கல் யாருடையது, கதவு யாருடையது என்பதில் குழப்பமில்லை. ஆழிப்பேரலை செய்வது வேறு. வீட்டைப் பெயர்த்து, காரையும் வலையையும் எரிவாயு உருளையையும் குளிர்பதனப் பெட்டியையும் சேர்த்து உருட்டி, கடலடிச் சேற்றைப் பூசி, எங்கோ ஒரு வயலில் போட்டுவிட்டுத் திரும்பிப் போகும். இடிபாட்டு மேலாண்மையில் பெரிய செலவு அள்ளுவதற்கு என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலந்ததைப் பிரிப்பதற்குத்தான் காலமும் காசும் கரைகின்றன.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய பேரலை, சுமார் 20 மில்லியன் டன் இடிபாடுகளையும் 10 மில்லியன் டன் சேற்றையும் விட்டுச் சென்றது. இஷினோமாக்கி என்ற ஒரே நகரத்தில் குவிந்தது, அந்த ஊர் நூறு ஆண்டுகளில் போடும் குப்பைக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். இன்னும் 5 மில்லியன் டன் கடலுக்குள் இழுக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு கரையோரத்திலேயே மூழ்க, மிச்சம் பசிபிக்கில் மிதந்து போனது.

முதல் நாள்களில் பிரிக்க நேரமிருக்காது. உயிரோடு இருப்பவர்களைத் தேட வேண்டும். ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும். எனவே சாலையில் கிடப்பதை இரு பக்கமும் ஒதுக்குவார்கள். பிறகு லாரிகள் வந்து தற்காலிகக் குவிப்பிடத்திற்குக் கொண்டுபோகும். தவறு தொடங்குவது இங்கேதான். இடம் போதவில்லை என்று உயர உயரக் குவிக்கத் தோன்றும்.

ரப்பர்ப் பால் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “தம்பி, கடல் தண்ணீரில் ஊறிய மரம் எப்படித் தானாகத் தீப்பிடிக்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மரத்தூள் குவியலைக் காலையில் கிளறினால் ஆவி பறப்பதைப் பார்த்திருப்போம். ஈர மரத்தையும் வைக்கோலையும் நுண்ணுயிர்கள் தின்னும்போது வெப்பம் பிறக்கிறது. குவியல் சிறியதென்றால் வெப்பம் வெளியேறிவிடும். பெரியதென்றால் நடுப்பகுதி போர்வைக்குள் அகப்பட்டதுபோல் சூடேறிக்கொண்டே போகும். 70, 80 பாகை செல்சியஸைத் தாண்டும்போது நுண்ணுயிர்களே செத்துப்போகும். ஆனால் அதற்குள் மரம் ஆக்சிஜனோடு நேரடியாக வினைபுரியத் தொடங்கியிருக்கும். அந்த வினை மேலும் சூட்டைத் தரும். ஜப்பானில் 2011 கோடையில் பல குவியல்கள் இப்படிப் பற்றிக்கொண்டன. எரியக்கூடிய குவியல் 5 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது, இடையில் சந்து விட வேண்டும், உள்ளே வெப்பமானி செருகிப் பார்க்க வேண்டும் என்ற விதிகள் வலியுறுத்தப்பட்டது அதனால்தான்.

அடுத்த வில்லன் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதில் ஊறிய மரத்தை எரித்தால் குளோரின் வெளிப்பட்டு உலைக் குழாய்களை அரிக்கும். சூடு குறைவாக, புகைந்து எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சும் உருவாகும். திறந்த வெளியில் கொளுத்திவிடுவது எளிது, ஆனால் நஞ்சைக் காற்றில் கலந்து ஊருக்கே விநியோகிப்பது அது. சிமெண்டு உலையின் 1,450 பாகை வெப்பம் டையாக்சினைச் சிதைத்துவிடும். ஆனால் குளோரின் சிமெண்டுக்குள் தங்கினால், பின்னாளில் கட்டடத்தின் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். ஜப்பானின் ஒஃபுனாத்தோவில் சுனாமியில் தானே சேதமடைந்த ஒரு சிமெண்டு ஆலை, இடிபாடுகளை முதலில் நீரால் கழுவி உப்பை நீக்கி, பிறகு மூலப்பொருளாகப் பயன்படுத்தியது. மழையில் போட்டு வைத்தாலும் உப்பு இறங்கும். நம் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே ஈரம் நுண்ணுயிர்களுக்கு விருந்து. ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றொன்று தலைதூக்குகிறது.

இயந்திரங்கள் பாதி வேலையைச் செய்யும். சுழலும் சல்லடை மண்ணை உதிர்க்கும், காந்தம் இரும்பை எடுக்கும், காற்று வீச்சு எடை குறைந்ததைத் தள்ளும். சேறு களியாக ஒட்டிக்கொண்டால் சுண்ணாம்பு போன்றவற்றைக் கலந்து பொலபொலவென்று ஆக்குவார்கள். மிச்சத்துக்குக் கைதான். ஹிகாஷி மட்சுஷிமா நகரம் 2003 நிலநடுக்கத்தில் எல்லாவற்றையும் கலந்து குவித்துப் பட்ட அனுபவத்தால், 2011இல் வீடிழந்த உள்ளூர்க்காரர்களையே கூலிக்கு அமர்த்தி 19 வகையாகக் கையால் பிரித்தது. வேலையிழந்தவர்களுக்கு வருமானமும் கிடைத்தது. கிட்டத்தட்ட எல்லாமே மறுபயன்பாட்டுக்குப் போனது.

அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளைத் தொடுபவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழை நுரையீரலுக்குள் போய்விடும். நனைத்து, உடைக்காமல், உறையில் கட்டியே அகற்ற வேண்டும். காங்கிரீட்டோ நல்ல பிள்ளை. நொறுக்கினால் சாலைக்கு அடித்தளம். ஜப்பானின் செண்டாய் நகருக்குத் தெற்கே இவானுமா நகரத்தில் இடிபாடுகளைக் கொண்டே கரையோரக் குன்றுகள் எழுப்பி மரம் நட்டார்கள். சுமத்திராவின் பண்டா ஆச்சேயில் 2,600 டன் எடையுள்ள மின்னுற்பத்திக் கப்பல் ஒன்றை 2004 அலை கிலோமீட்டர் கணக்கில் ஊருக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. அதை நகர்த்தவில்லை, அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள்.

எந்த எடைக்கணக்கிலும் வராத ஒரு வகை உண்டு: புகைப்படங்கள். ஜப்பானில் தொண்டர்கள் சேற்றிலிருந்து ஆல்பங்களைப் பொறுக்கி, குளிர்ந்த நீரில் கழுவி, நிழலில் கொடி கட்டிக் காயவைத்து, பள்ளிக்கூட அரங்குகளில் பரப்பி வைத்தார்கள். அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. படத்தின் நிறம் தங்கியிருப்பது ஜெலட்டின் பூச்சில். அதைப் பாக்டீரியா விரும்பித் தின்னும். ஆல்பத்துக்குள் ஈரம் ஓரங்களிலிருந்தே ஏறுவதால் அழிவும் அங்கிருந்துதான் தொடங்கும். நடுவில் நிற்கும் முகங்களுக்கு மட்டும் இன்னும் சில வாரங்கள் கெடு கிடைக்கும்.