வந்து பார்த்தவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். "பேங்க் இன்ஜினியர் நாளைக்கு வர்றார்" என்று ஃபோன் வரும். மறுநாள் பைக்கில் ஒரு தம்பி வருவார். லேசர் மீட்டரைச் சுவரில் வைத்து நான்கைந்து அளவு எடுப்பார். ஃபோனில் வாசல், ஹால், சமையலறை, மொட்டை மாடி என்று படம் பிடிப்பார். உங்களை நிற்க வைத்து ஒரு செல்ஃபி, மின் மீட்டருக்கு ஒரு படம், அவ்வளவுதான், கிளம்பிவிடுவார். நீங்கள் காபி கொடுத்து அனுப்பிய அந்தத் தம்பி பெரும்பாலும் மதிப்பீட்டாளர் அல்ல. வேல்யுவேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தத் தெருவை வாழ்நாளில் பார்க்காதவராகக்கூட இருக்கலாம்.

இதுவே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். என் அலுவலகத்திலும் சைட்டுக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. நன்றாக அளப்பார்கள், என்னைவிட வேகமாக மாடி ஏறுவார்கள். அடுத்தவர் எடுத்து வந்த தகவலை வைத்து மதிப்புப் போடுவது உலகம் முழுக்க நடப்பதுதான். அமெரிக்காவில் வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேன்னி மே நிறுவனம், மதிப்பீட்டாளர் நேரில் போகாமலே செய்யும் 'டெஸ்க்டாப்' மதிப்பீட்டை 2022 மார்ச்சில் நிரந்தர ஏற்பாடாகவே ஆக்கிவிட்டது. ஆனால் உள்சுவர்களைக் காட்டும் தரைத்தள வரைபடம் கட்டாயம் என்று அதற்கு நிபந்தனை வைத்தது. நம் ஊரில் சிக்கல் வேறு. யார் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பது ரிப்போர்ட்டில் தெரிவதே இல்லை. "நானோ என் பிரதிநிதியோ சொத்தை நேரில் பார்வையிட்டோம்" என்று படிவத்திலேயே அச்சடித்த ஒரு வரி இருக்கும். நானா, பிரதிநிதியா? பொருந்தாததை அடித்துவிட்டு எழுதுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் மதிப்பீடுகளுக்கு 2017-இல் வந்த விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. விதி 8 சொல்வது இதுதான்: பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் பிறரிடமிருந்து உள்ளீடுகள் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதன் விவரத்தை ரிப்போர்ட்டில் முழுமையாகச் சொல்ல வேண்டும், உள்ளீடு யாருடையதாக இருந்தாலும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையதே. வரம்புகள், மறுப்புகள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதுவதுகூட பொறுப்பைக் குறைத்துக்கொள்வதற்காக இருக்கக் கூடாது. உங்கள் வீட்டுக் கடன் ரிப்போர்ட்டை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எந்த மதிப்பீட்டாளரும் இதற்குக் குறைவாக நடந்துகொள்ள ஒரு காரணமும் இல்லை என்பது என் கட்சி.

சரி, அந்தத் தம்பியின் கண்ணிலிருந்து எது தப்பும்? வீட்டுக்குள் இருப்பது அனேகமாகத் தப்பாது. டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஓதம் ஏறிய சுவர், எல்லாம் படத்தில் வந்துவிடும். தப்புவதெல்லாம் மதில் சுவருக்கு வெளியே இருப்பவை. விலையை ஆட்டிவைப்பவையும் அவைதான்.

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு தனி வீடு. ஃபைல் என் மேசைக்கு வந்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தது. அளவுகள் பிளானோடு பொருந்தின, படங்கள் பளிச்சென்று இருந்தன. முகப்புப் படங்களைப் பார்த்தேன். எல்லாமே வலப்புறமிருந்து எடுத்தவை. மேற்கு மதிலை ஒரு படத்திலும் காணோம். பத்திரத்தின் நான்கெல்லையில் 'மேற்கு: 20 அடி பாதை' என்று இருந்தது. தாய்ப்பத்திரத்தைப் புரட்டினால் அதே மேற்கில் 'வாய்க்கால்'. சர்வே துறையின் நில அளவை வரைபடமான எஃப்.எம்.பி.யிலும் அந்தப் பக்கம் தனி சர்வே எண்ணோடு ஒரு பட்டை ஓடியது. தம்பியை மறுபடி அனுப்பி, வீடியோ காலில் மேற்குப் பக்கம் நடக்கச் சொன்னேன். சிமென்ட் சிலாப் போட்டு மூடிய வாய்க்கால், அதன்மேல் கார் ஷெட், ஷெட்டையும் சேர்த்து வளைத்துக் கட்டிய மதில். வீட்டுக்காரர் முதல் முறை கார் ஷெட் வழியாகவே உள்ளே கூட்டிப்போயிருக்கிறார். தம்பி பொய் ஒன்றும் எழுதவில்லை. 'மேற்கில் என்ன இருக்கிறது, படம் எடு' என்று அவருக்குக் கொடுத்த படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. படிவத்தில் கேட்காததை சைட்டில் யாரும் தேடுவதில்லை.

காலி மனையென்றால் இன்னும் மோசம். எல்லைக் கல்லெல்லாம் பெயர்ந்து போன லேஅவுட்டில், கூட வந்த புரோக்கர் எந்த மனையைக் கை காட்டுகிறாரோ அதுதான் உங்கள் மனை. "ஜியோ டேக் போட்டுத்தானே சார் படம் எடுத்திருக்கு?" என்பார்கள். முப்பது அடி அகல மனை என்பது ஒன்பது மீட்டர் சொச்சம்தான். ஃபோன் ஜி.பி.எஸ். பத்து மீட்டர் பிசகினால் படத்தில் இருப்பது பக்கத்து மனை. ரோட்டு முனையிலிருந்து சங்கிலி பிடித்தோ டேப் வைத்தோ அளந்து வராத வரை அந்த அட்சரேகை தீர்க்கரேகையை நான் நம்புவதில்லை.

வெள்ளம் தேங்கிய அடையாளம், மேலே போகும் உயர் அழுத்த மின்கம்பி, பத்திரத்தில் 30 அடி என்று இருந்து நேரில் 18 அடியாகச் சுருங்கிய ரோடு, இவையும் இதே ரகம். மார்ச் மாத வெயிலில் எடுத்த படத்தில் 2015 டிசம்பர் வெள்ளம் தெரியாது. பக்கத்து வீட்டில் கேட்டால்தான் தெரியும். அக்கம்பக்கத்து விலையையும் சைட்டுக்குப் போனவரே விசாரித்து எழுதிவிடுகிறார். யாரிடம் விசாரித்தார் என்று கேட்டால், அனேகமாக அதே புரோக்கர்.

ஏன் இப்படி என்றால், காரணத்தில் ரகசியம் ஒன்றுமில்லை. வங்கிக்கு ரிப்போர்ட் உடனே வேண்டும், ஒரு ரிப்போர்ட்டுக்குக் கிடைக்கும் கட்டணமோ சொற்பம், மதிப்பீட்டாளர் பெயர் மூன்று நான்கு மாவட்டங்களில் வங்கியின் மதிப்பீட்டாளர் பட்டியலான பேனலில் இருக்கும்.

மதிப்புக் கூடுதலாக வந்தால் நமக்கு லாபம்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்குப் பார்ப்போம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம். 62 லட்சம்தான் பெறும் வீட்டை 70 லட்சம் என்று எழுதினால், கடன் 49.6 லட்சத்திலிருந்து 56 லட்சம் வரை போகலாம். அந்த 6.4 லட்சத்துக்கும் வட்டி கட்டப்போவது நீங்கள். விற்கப் போகும்போது வாங்க வருகிறவரின் வங்கி, முதல் முறை விட்டுப்போன அந்த மேற்குப் பக்கத்தைப் பார்த்து மதிப்பைக் குறைத்துவிடலாம்.

உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அதைச் செய்யுங்கள். வருகிறவரிடம் பெயரையும், ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து என்பதையும் கேளுங்கள். விற்பவரையும் புரோக்கரையும் மட்டும் நம்பி அனுப்பாமல் நீங்களும் கூட நில்லுங்கள். எஃப்.எம்.பி., தாய்ப்பத்திரம் இரண்டின் நகலையும் கையில் கொடுத்து, நான்கு பக்கமும் நடக்க வையுங்கள். பத்திரத்தில் ஒரு பரப்பு, பட்டாவில் ஒன்று, தரையில் ஒன்று என்று இருந்தால் மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். அந்த மூன்றையும் நீங்களே முன்கூட்டிப் பார்த்துவிடலாம். இந்த மதிப்பீட்டுக்கான 'டெக்னிக்கல்' கட்டணத்தை உங்களிடம்தான் வாங்குகிறார்கள், எனவே ரிப்போர்ட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கலாம், கேட்பதில் நஷ்டமில்லை. அந்த ரிப்போர்ட் வங்கியின் பாதுகாப்புக்காக எழுதப்படுவது, வாங்குகிறவரின் பாதுகாப்புக்கு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

வங்கி ஏலத்தில் வீடு எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கடன் கட்டாதவரின் சொத்தை வங்கியே விற்கும் சர்ஃபாசி சட்டப்படியான ஏலத்தில் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும் முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் கடன் வாங்கியவர் இன்னும் உள்ளே குடியிருந்தால் கதவைத் திறந்துவிடுவாரா? ரோட்டிலிருந்து முகப்பைப் பார்த்து, பழைய ஃபைலில் இருக்கும் அளவுகளை வைத்துத்தான் பல ரிப்போர்ட்டுகள் தயாராகின்றன. ஏல அறிவிப்பில் 'சிம்பாலிக் பொசஷன்', அதாவது காகிதத்தில் மட்டும் வங்கியின் வசம், என்று இருந்தால், மதிப்புப் போட்டவர் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். முன்பணம் கட்டுவதற்கு முன், உள்ளே போய்ப் பார்த்த தேதி எது, பார்த்தவர் யார் என்று அந்த வங்கியின் அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.