பைக் ஹெட்லைட் மாற்றம்: மோட்டார் வாகன விதி 106 என்ன சொல்கிறது?

இரவில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்று பல்பு மாற்றக் கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் உள்ள 106-ஆம் விதி. 7 வாட்டுக்கு மேற்படாத, மங்கல் கண்ணாடி போட்ட சின்ன விளக்குக்கு விலக்கு தருவதைத் தவிர, வாட் கணக்கோ லூமென் கணக்கோ அதில் கிடையாது. அது கேட்பது ஒன்றுதான்: லைட்டுக்கு முன்னால் 8 மீட்டர் தள்ளி, லைட்டின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண் கூசுகிறதா? நம் ஊரில் எதிரே வருபவர் நமக்கு வலப்பக்கமாகத்தான் கடக்கிறார். அந்த மூன்று அளவையும் சேர்த்துப் பார்த்தால், அது அவருடைய கண் இருக்கும் இடம். அந்தக் கண் கூசாதபடி கதிர் எப்போதும் தாழ்ந்தே இருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் நினைத்தவுடன் தாழ்த்த முடிய வேண்டும். டிம்-பிரைட் சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான்.

அபராதம் வேறு பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-இன்படி, சட்டமோ விதிகளோ அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். “ஆர்சி புக்கில் ஹெட்லைட் பற்றி ஒரு வரி கூட இல்லை, அப்புறம் எப்படிக் குற்றம்?” என்று வாதாடுபவர்கள் உண்டு. அது 52-ஆம் பிரிவுக்குப் பொருந்தலாம். ஆர்சியில் பதிவான தயாரிப்பாளர் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற பிரிவு அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. 182ஏ(4) ஆர்சியைப் பற்றிப் பேசவே இல்லை. விதி மீறியிருந்தால் போதும்.

கிராஷ் கார்டில் மாட்டும் கூடுதல் லைட்டுக்கு 111-ஆம் விதி: ஆர்டிஓவின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் எதுவும் இருக்கக் கூடாது. அனுமதியும் விதிவிலக்கான சூழ்நிலைக்கு மட்டும்தான். கடையில் ‘ஃபாக் லேம்ப்’ என்று சொல்லி விற்கும் பலவும் உண்மையில் ஸ்பாட் லைட்தான். சுவரில் அடித்துப் பாருங்கள். ஃபாக் லேம்பின் வெளிச்சம் அகலமாக, தாழ்வாக, மேல் ஓரம் வெட்டினாற்போல விழும். உருண்டையாக ஒரு வட்டம் விழுந்தால் அது ஸ்பாட்.

2017 ஏப்ரல் 1 முதல் தயாரான டூவீலர்களில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாக எரிய வேண்டும். அதை அணைக்கத் தனி சுவிட்ச் போடுவதும் விதிக்கு மாறான மாற்றமே.

எல்இடி பல்பு ஏன் கூசுகிறது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஹாலோஜன் டூமில் (ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) அப்படியே செருகும் எல்இடி பல்பு வெளிச்சம் அதிகம் தருவது உண்மை. ஹெச்எஸ்1, ஹெச்4 ஹாலோஜன் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இழை தெரியும். டிம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடு கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைப்பதால், ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டுமே வேலை செய்து ஒளியைத் தரைக்கு அனுப்புகிறது. எல்இடி சிப் அந்த இழை இருந்த இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே கணக்கு கெட்டுவிடும். மலிவான பல்புகளில் தகடே இருக்காது. டிம்மில் போட்டாலும் பாதி ஒளி மேலே போகும். ஓட்டுபவருக்கு வண்டிக்கு முன்னால் பளிச்சென்று தெரியும், தூரத்தில் இருட்டு. எதிரில் வருபவருக்கோ ஒன்றுமே தெரியாது.

பெட்டியில் ‘ஆர்டிஓ அப்ரூவ்டு’ என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். ஒப்புதல் தருவது பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் சேர்ந்த முழு லைட்டுக்கு. எல்இடிதான் வேண்டுமென்றால், உங்கள் வண்டியின் அதே மாடலில் எல்இடியோடு வந்த வேரியன்ட்டின் முழு டூமை கம்பெனி பாகமாகவே வாங்கிப் போடுவது பாதுகாப்பான வழி.

35 வாட் ஹெச்எஸ்1 இருந்த இடத்தில் 60/55 வாட் (முதல் எண் பிரைட், அடுத்தது டிம்) ஹெச்4 போடுவதும் வழக்கம். அதற்குப் பல்பின் அடி வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதை அரத்தால் தேய்க்க வேண்டியிருக்கும். 100/90 வாட் போடுபவர்களும் உண்டு. 12 வோல்ட்டில் 35 வாட்டுக்கு 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 90 வாட்டுக்கு ஏழரை ஆம்பியர். முதலில் உருகுவது ஹோல்டர், பிறகு சுவிட்சின் காண்டாக்ட், கடைசியில் ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகும்.

ஃபோகஸ் வைப்பது எப்படி?

செலவே இல்லாத வேலை இது, ஆனால் சர்வீஸில் யாரும் செய்வதில்லை. டயரில் சரியான காற்று இருக்கட்டும். வண்டியைச் சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, ஸ்டாண்ட் இல்லாமல் நேராக நிறுத்தி, ஓட்டுபவர் உட்கார வேண்டும். லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மைப் போட்டால் வெளிச்சத்தின் மேல் ஓரம் அந்தக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். இது 1 சதவீதச் சரிவு: 90 செ.மீ. உயர லைட்டின் கதிர் 90 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 12.5 செ.மீ. வரை இறக்கினாலும் 36 மீட்டர் தெரியும். டூமுக்கு அடியில் உள்ள திருகிலோ, வட்ட லைட் என்றால் இருபக்க போல்ட்டைத் தளர்த்தியோ சரிசெய்யலாம்.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 130 செ.மீ. உள்ள வண்டியில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 3 செ.மீ. கூடுதலாக அமுங்கினால் கதிர் 2.3 சதவீதம் மேலே தூக்கும். தனியாக இருக்கும்போது 1 சதவீதம் தாழ்ந்திருந்த டிம், இப்போது 1.3 சதவீதம் மேல்நோக்கிப் போகும். தரையைத் தொடவே தொடாது. தினமும் இருவராகப் போகிறவர்கள் பின்னால் ஆளை உட்கார வைத்தே ஃபோகஸ் வைக்க வேண்டும். எப்போதாவது போகிறவர்கள் அன்றைக்குப் பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்டிக்கொண்டால் போதும்.

அதே பல்பில் கூடுதல் வெளிச்சம்

டிசியில், அதாவது பேட்டரி கரன்டில், எரியும் ஹெட்லைட் என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து, எரியும் பல்பின் ஹோல்டரில் 12.6 தான் வந்தால் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டேஜ் வயரிங்கிலேயே போகிறது. ஹாலோஜன் பல்பின் ஒளி வோல்ட்டேஜைவிட வேகமாகச் சரியும். இந்தப் பத்து சதவீத இழப்பில் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். இதற்கு மருந்து ரிலே: சின்னக் கரன்டை வாங்கிப் பெரிய கரன்டைத் திறந்துவிடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயில் எண் போட்ட பின்கள் இருக்கும்: 30-ஆம் பின்னுக்குப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக வயர், 87-லிருந்து பல்புக்கு, பழைய ஹோல்டர் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. 60/55 வாட்டுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பழைய வயரை வெட்டாமல் செருகிக்கொள்ளும் கிட் வாங்கினால் வாரன்டித் தகராறும் வராது. ஐட்லிங்கில் மங்கி, ஆக்சிலரேட்டர் முறுக்கினால் பிரகாசமாகும் பழைய 100 சிசி வண்டிகளில் ஹெட்லைட் ஏசி கரன்டில் ஓடுகிறது. அதில் இந்த ரிலே வேலை உதவாது.

கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் 1000, பிறகு 2000 நம்பர் தண்ணீர்ப் பேப்பர் போட்டு பாலிஷ் செய்யலாம். மேல்பூச்சு போய்விடுவதால் மறுபடி மஞ்சளாகும், திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். உள்ளே ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கவே கூடாது. அலுமினியப் பூச்சு துணியோடு வந்துவிடும். புது ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள்.

போக்குவரத்து போலீஸ் ஹெட்லைட் நடுவில் ஒட்டிவிடும் கறுப்பு ஸ்டிக்கர் கொஞ்சம் ஒளியைக் குறைக்கும், அவ்வளவுதான். தப்பாக நிற்கும் ஃபோகஸை அது சரிசெய்யாது.

சம்பவ இடத்திலேயே கட்டித் தீர்க்கும் தொகையை 200-ஆம் பிரிவின்படி அந்தந்த மாநிலம் நிர்ணயிக்கிறது. கட்டிவிட்டதால் அந்த லைட் விதிப்படி ஆகிவிடாது. கழற்றாமல் ஓட்டினால் அடுத்த செக்போஸ்ட்டில் இன்னொரு சலான் வரலாம்.