கசியட்டும், கலங்காமல் கசியட்டும்

தேவகோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஐப்பசி மழையில் எங்கள் கண்மாய் நிறைந்துவிட்டது. கரைக்கு வெளிப்புறம், அடியில் ஓரிடத்தில் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கரை உடைந்துவிடுமா?"

முதலில் அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மண்ணால் கட்டியது எதுவானாலும் கசியும். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய பெரிய மண் அணையானாலும் சரி, இரண்டு ஆள் உயரக் கண்மாய்க் கரையானாலும் சரி. ஒரு பக்கம் நீர் உயரமாக நிற்கிறது, மறுபக்கம் பள்ளம், நடுவில் துளை நிறைந்த மண். வராமல் எங்கே போகும்?

கரைக்கு மேலே நீர் வழிவது வேறு விஷயம். கான்கிரீட் அணை அதைக் கொஞ்ச நேரம் தாங்கும், மண் தாங்காது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு-2 அணையில் நடுவிலிருந்த கல் கட்டுமானம் நின்றது. இரு பக்க மண் கரைகளும் கரைந்து போக, மோர்வி நகரம் மூழ்கியது. மிஞ்சிய நீரை வழியவிடும் கலிங்கு நம் கண்மாயில் இருப்பது இதற்காகத்தான். 'இன்னும் ஒரு போகத்துக்குத் தண்ணீர் நிற்கட்டும்' என்று கலிங்கில் மணல் மூட்டையை அடுக்குகிறவர்கள் கரையின் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

சரி, கசிவுக்கு வருவோம். நீர் மட்டும் வந்தால் கவலையில்லை. வெளியேறும் இடத்தில் ஒரு மண் துகளையும் இழுத்துக்கொண்டு வந்தால்தான் ஆபத்து. துகள் போன இடத்தில் சின்னப் பள்ளம். இப்போது நீர் மண்ணுக்குள் கடக்க வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. எனவே வேகம் கூடும், அடுத்த துகளும் போகும். இப்படியே துளை வெளியிலிருந்து உள்நோக்கி, தண்ணீரைத் தேடிப் போவதுபோல நீள்கிறது. பொறியாளர்கள் இதைப் 'பைப்பிங்' என்பார்கள். கண்மாயைத் தொட்டதும் அது உண்மையிலேயே குழாய்தான். அமெரிக்காவின் டீட்டன் அணை 93 மீட்டர் உயரம். முதல்முறை நிரம்பும்போதே, 1976 ஜூன் 5 அன்று, காலையில் கலங்கிய கசிவு தெரிந்தது, நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள்.

இதைத் தடுக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கசிவை அடைக்கப் பார்ப்பதே இல்லை! பெரிய மண் அணைகளில் களிமண் நடுச்சுவருக்குப் பின்னால் ஒரு மணல் அடுக்கை வைத்து, நீரைப் போக விட்டு, மண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். காபி பில்டரில் முதல் சொட்டுகளோடு கொஞ்சம் தூள் இறங்கும். பிறகு பெரிய தூள்கள் ஓட்டை வாயில் நெருங்கி உட்கார, அவை நடுத்தரத் தூளைப் பிடிக்கும், நடுத்தரம் பொடியைப் பிடிக்கும். மணல் அடுக்கிலும் அதே கதை. மணல் ரொம்பப் பருமனாக இருந்தால் மண் தப்பிவிடும். ரொம்ப நைசாக இருந்தால் நீர் தேங்கிக் கரை சரியும். இடைப்பட்ட அளவை 'மண் இயக்கவியலின் தந்தை' எனப்படும் கார்ல் டெர்சாகி வகுத்துத் தந்தார். மணலின் சன்னமான துகள்களின் அளவு, காக்க வேண்டிய மண்ணின் பருமனான துகள்களின் அளவைப்போல நான்கு ஐந்து மடங்குக்குள் இருக்க வேண்டும். இவ்வளவுதான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்த மணலுக்கு ஒட்டும் குணம் இருக்கக்கூடாது. களிமண் விரிசல் விட்டால் விட்டபடியே நிற்கும். சுத்தமான மணல் சரிந்து விரிசலைத் தானே மூடிவிடும். பரிசோதிப்பதும் குழந்தை விளையாட்டு: ஈர மணலைக் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்து, தட்டில் நீர் ஊற்றுங்கள். பொலபொலவென்று சரிந்தால் நல்ல மணல்.

கண்மாய்க் கரையில் இந்த அடுக்கெல்லாம் இல்லை. அதனால் கண்காணிப்புதான் பாதுகாப்பு. எலி வளை, நண்டு வளை, கரையில் முளைத்த சீமைக் கருவேலின் வேர் அழுகிய பொந்து, மடையின் கல்லும் மண்ணும் சேரும் இடுக்கு: நீர் தேடுவது இவற்றைத்தான். பெரிய அணைகளில் பீசோமீட்டர் உள்ளே நீரழுத்தத்தைக் காட்டும். கசிவு ஒரு 'வி' வெட்டுப் பலகை வழியே வழியும். வெட்டில் நீரின் உயரம் இரட்டித்தால் அளவு ஐந்தரை மடங்குக்கும் மேல் கூடியிருக்கும், ஸ்கேல் வைத்தே கண்டுபிடிக்கலாம். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அது பெரிய அணைகளுக்கு. 10 மீட்டருக்குக் குறைந்த கரை அதில் வராது. நம் கண்மாய்கள் எல்லாம் வெளியேதான். புதிதாக ஒன்றைக் கட்டத் தாராளமாக ஒதுக்கும் நாம், இருக்கும் கரையைச் சுற்றிவர ஓர் ஆளுக்குச் சம்பளம் தர யோசிக்கிறோம். எனக்கு இது புரிவதே இல்லை.

'உடைந்த இடமே மறுபடி உடையும், காவு கேட்கிறது' என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. அவசரமாகக் கொட்டிய புது மண் பழைய மண்ணோடு ஒட்டுவதில்லை. அந்தச் சேர்க்கையில் நீர் புகும். உடைப்பின் ஓரத்தைப் படிபோல வெட்டி, மெல்லிய அடுக்காகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினால் கேட்பது நிற்கும். கரை அய்யனாருக்குப் பொங்கல் வையுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. அந்தச் சாக்கில் ஊரே கரை நெடுக நடக்கிறதே.

ஒருவேளை கரையடியில் மணல் கொப்பளித்தால் கல்லைப் போட்டு அடைக்காதீர்கள். நீர் வேறிடத்தில் வெடிக்கும். சுற்றி மணல் மூட்டையால் தொட்டி கட்டி, உள்ளே நீரை உயர விடுங்கள். எதிர் அழுத்தம் கூடக்கூட ஓட்டம் தளர்ந்து, மணலை விட்டுவிட்டு நீர் மட்டும் வழியும். ஊருக்கும் அதிகாரிகளுக்கும் உடனே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சிக்கு இதெல்லாம் பெயர் தெரியாது. மழை இரவில் டார்ச்சோடு கரையடிக்கு இறங்கி, டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் தரையில் வைத்து, அடியில் வண்டல் படிகிறதா என்று மறுபடி குனிவார். "தெளிவாத்தான் இருக்கு தம்பி, நீங்க போய்ப் படுங்க" என்பார். அவர் போகமாட்டார். ஒரு குச்சியை நட்டு, நனைந்த இடம் அதைத் தாண்டுகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.