வெள்ளத்தில் வளர மறுக்கும் நெல்

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் சம்பாப் பயிர் தூர்கட்டும் பருவமும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. கடைமடை நிலம் என்பதால் மேலே பெய்த மழையும் இங்கேதான் வந்து வடிய வேண்டும். முழுதும் மூழ்கிய பயிர் ஒரு வாரம் தாண்டினால் அழுகத் தொடங்குகிறது. மூச்சுத்திணறல் மட்டும் அதற்குக் காரணமன்று. பயிரின் அவசரமும் ஒரு காரணம்.

செடி தானே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு வழக்கமாகக் காற்றில் கலந்து போய்விடும். நீரில் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு என்பதால், மூழ்கிய செடிக்குள் எத்திலீன் தேங்குகிறது. அந்தத் தேக்கமே ‘மூழ்கிவிட்டோம்’ என்று செடிக்குக் கிடைக்கும் செய்தி. உடனே ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதல் கூடி, நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டிவிடும் நோக்கில் இலையும் தண்டும் நீளுகின்றன. கலங்கல் நீரில் ஒளிச்சேர்க்கையோ மிகக் குறைவு. சேமித்த மாவுச்சத்தும் சர்க்கரையும் சில நாட்களில் தீர்ந்துவிட, வெள்ளம் வடியும்போது வெளிறி நீண்ட பயிர் நிற்க வலுவின்றிச் சாய்கிறது.

ஒடிசாவின் பழைய நெல்லினம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ ரகமோ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் துளிர்த்தது. அதன் தாங்குதிறனை நல்ல விளைச்சல் ரகங்களுக்கு மாற்றச் செய்த முயற்சிகள் நெடுங்காலம் கைகூடவில்லை. வேண்டாத குணங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தன. பயிர்ப் பெருக்க வல்லுநர் டேவிட் மக்கில்லும் அவருடைய மாணவர் கெனோங் சூவும் 1996இல் அந்தத் திறனின் பெரும்பங்கு 9ஆம் குரோமோசோமில் சப்1 என்னும் ஓரிடத்தில் இருப்பதைக் காட்டினர். பின்னர் பமீலா ரோனால்டின் ஆய்வகத்தில் சேர்ந்த சூ, அங்குள்ள மரபணுவைப் பிரித்தறியும் பணியைத் தொடர்ந்தார்; ஜூலியா பெய்லி-செர்ரஸ் குழுவும் கைகோத்தது. 2006இல் சப்1ஏ மரபணு வெளியுலகுக்குத் தெரிய வந்தது. இத்தகைய கதைகளில் மரபணுவைக் கண்டறிந்த ஆண்டுதான் நினைவில் நிற்கிறது. அதற்கு முன் வயலில் நாற்றை மூழ்கவைத்து, பிழைத்ததை எண்ணி எண்ணிக் கழிந்த ஆண்டுகளுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை.

சப்1ஏ எத்திலீன் வந்தால் விழித்துக்கொள்ளும் ஒரு கட்டுப்பாட்டு மரபணு. அது ஜிப்பரெல்லினுக்குத் தடை போடும் புரதங்களைப் பெருக்குவதால் செடி நீள்வதில்லை. கையிருப்புச் சர்க்கரையும் மிஞ்சுகிறது. நீர் வடிந்த பின் மேல் இலைகள் அழுகித் தொங்கினாலும், அடித்தண்டை விரலால் நசுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். அந்தக் குருத்திலிருந்துதான் புதுத் துளிர் கிளம்புகிறது. விந்தை என்னவென்றால், 2009இல் ஆழ்நீர் நெல்லில் கண்டறியப்பட்ட ஸ்நார்க்கல் மரபணுக்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை, இதே எத்திலீனுக்குத்தான் பணிகின்றன. ஆனால் அவை செடியை வேகமாக நீளவைக்கின்றன.

இதில் மரபணுவைச் செயற்கையாகப் புகுத்தும் வேலை ஏதுமில்லை. தாங்குதிறனுள்ள நெல்லை நல்ல விளைச்சல் ரகத்துடன் கலப்புச் செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலைத் துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்து, சப்1 பகுதி உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் அந்த விளைச்சல் ரகத்துடனேயே கலந்தார்கள். ஸ்வர்ணா சப்1 அப்படித்தான் வந்தது. தமிழ்நாட்டு உழவர்களுக்கு நன்கு பழகிய சி.ஆர். 1009இன் சப்1 வடிவமும் அவ்வாறே.

ஆனால் முழங்காலளவு நீர் மாதக்கணக்கில் தேங்கும் தாழ்வயலில் இந்த அடக்கமே பகையாகிறது. அங்கே நீளும் பயிர்தான் வேண்டும். நேரடி விதைப்புச் செய்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டால் சப்1 உதவாது. அதற்கு, விதையின் மாவுச்சத்தை விரைவாகக் கரைத்து முளையை நீரின் மேல் தள்ளும் வேறொரு மரபணு தேவை. அத்தகைய ஒன்றை மியான்மர் நெல் ஒன்றிலிருந்து 2015இல் அடையாளம் கண்டார்கள். அதையும் சப்1ஐயும் ஒரே ரகத்தில் சேர்க்கும் முயற்சியில் பயிர்ப் பெருக்க வல்லுநர்கள் ஈடுபட்டுள்ளனர்.