வெள்ளிக் காசைத் தராசில் போடும் முன் ஆண்டைப் பாருங்கள்

ஜனவரியில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கும் நேரம் வந்தால் ஹட்டன் கடைவீதிக்குப் பழைய வெள்ளி வரத் தொடங்கும். அடகு பிடிப்பவர்கள் தங்கத்தைத்தான் தேடுவார்கள். வெள்ளி நேரே விற்பனைக்கே வருகிறது. அப்பாயி காலத்துத் தண்டை, அறுந்த கொலுசு, அரைஞாண் கொடி, நாலைந்து ராஜா காசு எல்லாம் ஒரே துணி முடிச்சில் இருக்கும். “மொத்தமாக எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்பார்கள். மொத்தமாகத் தராசில் கொட்டினால் நல்ல வெள்ளியும் மட்ட வெள்ளியின் விலைக்கே போகும். நகை மதிப்பிடும் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் நட்டம் இதுதான்.

முதலில் காசுகளைத் தனியே எடுங்கள். மலையகத்து வீடுகளில் அதிகம் இருப்பது பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபா. அதன் எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட ரூபாக்களில் 91.7 வீதம் வெள்ளி. அதாவது ஒரு காசில் 10.69 கிராம் சுத்த வெள்ளி. ஆறாம் ஜோர்ஜ் காசில்தான் கவனம் வேண்டும். 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் வெள்ளி பாதிதான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதேதான், வெள்ளியோ 5.83 கிராம். 1947 ஒரு ரூபாவில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். பின்புறம் புலி நிற்கும், காந்தத்தில் ஒட்டும்.

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா காசு மாலை ஒன்றைக் கொண்டுவந்தார். புகையில் கறுத்து எல்லாக் காசும் ஒரே நிறம். காந்தத்தை மாலையோடு மெல்ல நகர்த்தியபோது நடுவில் இரண்டு காசு டக்கென்று ஏறி ஒட்டிக்கொண்டன. துடைத்துப் பார்த்தால் புலி. “அப்ப மாலை முழுக்கக் கள்ளமா அண்ணே?” என்று அவர் முகம் வாடிவிட்டது. இல்லை. மற்றவற்றில் பாதிக்கு மேல் ஐந்தாம் ஜோர்ஜ், நல்ல வெள்ளி. தொலைந்த காசுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை யாரோ பிற்காலத்தில் கோத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

காந்தம் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று நினைத்துவிடவும் கூடாது. செம்பு, பித்தளை, ஜெர்மன் வெள்ளி எதுவும் ஒட்டாது. ஜெர்மன் வெள்ளி என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தது; பெயரைத் தவிர அதில் வெள்ளி கிடையாது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, தராசு காட்டும் எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் பழைய ரூபாவுக்குப் பத்துக்குச் சற்று மேல் வரும். பாதி வெள்ளிக்கு ஒன்பதரை அளவு. ஒன்பதுக்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். வெள்ளியைச் சோதிக்கப் பட்டறையில் பயன்படுத்தும் நைட்ரிக் அமிலத்தை மட்டும் வீட்டில் தொட வேண்டாம். அது பட்டறையில் கிடக்கட்டும்.

இலங்கைக் காசுகளிலும் வெள்ளி உண்டு. 1892 முதல் 1917 வரையான 50 சதத்தில் 80 வீதம். 1919 முதல் 55 வீதமாக இறங்கியது. 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாவோ 28.28 கிராம், 92.5 வீதம். அதைச் சில்லறை என்று டப்பாவில் போட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விலைக் கணக்கு கடினமில்லை. உலகச் சந்தை விலை ஓர் அவுன்ஸுக்கு டொலரில் வரும். அந்த அவுன்ஸ் 31.1 கிராம். அதனால் வகுத்து, அன்றைய டொலர் மதிப்பால் பெருக்கினால் ஒரு கிராம் சுத்த வெள்ளியின் விலை. கிராம் 100 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஐந்தாம் ஜோர்ஜ் காசில் 1,069 ரூபா வெள்ளி, 1944 காசில் 583 ரூபா வெள்ளி. கடைக்காரர் முழுதும் தரமாட்டார். உருக்குக் கூலி, சேதாரம், இலாபம் எல்லாம் அவருக்கு இருக்கிறது. கொஞ்சம் கழிப்பது நியாயம். பாதியைக் கழித்தால் முடிச்சைக் கட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள். லயத்து வாசலில் பிளாஸ்டிக் வாளி கொடுத்துப் பதிலுக்கு வெள்ளிக் காசு கேட்பவரிடம் தராசும் இல்லை, கணக்கும் இல்லை.

சேகரிப்பாளர் தரும் விலை வேறு. வளையம் பற்றவைத்த காசுக்கு அது அநேகமாகக் கிடைக்காது, எடைக்கே விற்கலாம். பற்றவைக்காத காசை விபூதியும் புளியும் போட்டுத் தேய்க்காதீர்கள், கறுப்போடேயே காட்டுங்கள். 1939 ஒரு ரூபா அரிது. ஆகவே ஆண்டைச் செதுக்கி மாற்றியவையும் உலாவுகின்றன. விளிம்பைப் பாருங்கள்: நாற்பதுகளின் காசுகளில் பெரும்பாலும் விளிம்பின் நடுவே ஒரு பள்ளக் கோடு ஓடும். அந்தக் கோட்டோடு 1939 என்றிருந்தால் வாங்க வேண்டாம்.

நகைக்கு வந்தால், 92.5 வீத வெள்ளி என்று காட்டும் 925 முத்திரையை யாரும் குத்தலாம். உரைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தண்டைக்குள் அரக்கு இருக்கும், சலங்கைக்குள் கல் இருக்கும். எடை பிடிக்கும் முன் இவற்றுக்கு எவ்வளவு கழிக்கிறார் என்று கேளுங்கள். வாங்கியபோது கொடுத்த செய்கூலி திரும்பாது.

மீன் தூண்டில் போல வளைந்த வெள்ளிக் கம்பி தோட்டத்து மண்ணில் அகப்பட்டால் அது கண்டி இராச்சியத்தில் புழங்கிய லாரின் காசாக இருக்கலாம். 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அப்படிக் கிடைத்ததை நகைக்கடைக்குக் கொண்டுவராமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் நான் விலை சொல்லமாட்டேன்.